ஐயூஐ இரண்டு முறை பலிக்கவில்லை, உடனே ஐவிஎஃப் செய்துவிட வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. குடியாத்தத்தில் இருக்கிறீர்கள். வயது 31, கல்யாணமாகி நான்கு வருடம். கணவருக்கு 36, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மாத்திரை, ஊசி, கழுவிய விந்தைக் கருப்பைக்குள் செலுத்துகிற ஐயூஐ இரண்டு தடவை, எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாகப் போன இடத்தில், முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையில் 1.3 என்று வந்திருப்பதைக் காட்டி, “முட்டை தீர்ந்துகொண்டே வருகிறது, இந்த மாதமே ஐவிஎஃப் ஆரம்பித்துவிடலாம்” என்று ஒரு பேக்கேஜ் தொகையும் சொல்லியிருக்கிறார்கள். (ஐவிஎஃப் என்றால் முட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தோடு சேர்த்துக் கருவாக்கி, உள்ளே வைப்பது.) அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறார். மாமியாரோ ஆஸ்பத்திரிக்குக் கொட்டியது போதும், விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போய் வரலாம் என்கிறார். கணவருக்கு டைஃபாய்டு வந்து தேறிய கையோடு ஒரே ஒரு தடவை விந்துப் பரிசோதனை எடுத்ததையும், “கொஞ்சம் கம்மி” என்று சொன்னதையும் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது ஐவிஎஃப்பா, காத்திருப்பதா என்று. ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், ‘கோளாறு என்னிடம்தானா, நாளைக் கடத்திவிட்டேனா’ என்பதுதான் உங்களை அரிக்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது நீங்கள் போகிறபோக்கில் சேர்த்த அந்தக் கடைசி வரிதான்.

நான் மகப்பேறு மருத்துவர். வேலூர், காட்பாடி வட்டாரத்தில் பல வருடங்களாகக் குழந்தைக்காக வருகிற தம்பதிகளைப் பார்த்து வருகிறேன். எங்கள் இடத்தில் ஐயூஐ வரைக்கும்தான். கருவை வெளியே வளர்க்கும் ஆய்வகம் கிடையாது. ஐவிஎஃப் தேவைப்படுகிறவர்களைக் கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவோம். அதனால் நீங்கள் ஐவிஎஃப் செய்வதால் எனக்கு வரும்படி இல்லை. ஆனால் ஐயூஐ செய்கிறவள் என்பதால் அந்தப் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கலாம், அதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். உங்களைப் பரிசோதிக்காமல், ஸ்கேன் பார்க்காமல் எழுதுகிறேன். அடுத்த தடவை டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு இது உதவும், அவ்வளவுதான்.

முதலில் அந்த ஏஎம்ஹெச். சினைப்பையில் இருக்கும் சின்னச் சின்ன முட்டைப்பைகள் சுரக்கிற ஹார்மோன் அது. கையிருப்பு ஏறத்தாழ எவ்வளவு, ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்று ஊகிக்க அது உதவும். பானையில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், சோறு எப்படி வேகும் என்று சொல்லாது. முட்டையின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது. 31 வயதுக்கு 1.3 என்பது சராசரியைவிடக் கீழே, சரி. ஆனால் அது ‘தீர்ந்துவிட்டது’ என்கிற எண் அல்ல. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 30 முதல் 44 வயது வரையுள்ள பெண்களில் ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். அந்தப் பெண்கள் குழந்தையின்மைக்கு வைத்தியம் பார்த்தவர்கள் இல்லை. அதனால் அதை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம்: ஏஎம்ஹெச் ஒரே மாதத்தில் சரிந்து விழுகிற சமாச்சாரம் இல்லை. இரண்டு, மூன்று வருடம் சும்மா கடத்தாதீர்கள் என்று அந்த எண் சொல்கிறது. இந்த மாதமே பணம் கட்டுங்கள் என்று அது சொல்லவில்லை. உங்கள் வயதில் ஒரு மூன்று மாதம் எடுத்து, விட்டுப்போன பரிசோதனைகளை முடித்துக்கொள்வதால் எதுவும் கைநழுவிப் போகாது. இதையே 39 வயதுப் பெண் கேட்டிருந்தால் இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி கணவர் விஷயம். குழந்தை தள்ளிப்போகிற தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம், சிலரிடம் இரண்டு பக்கமும். இதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் எங்கள் அறைக்குள் வருகிறபோது பெண்ணின் கையில் கனத்த ஃபைல் இருக்கும், அதில் கணவருடையது ஒரே ஒரு தாள் இருக்கும். சில வீடுகளில் அதுவும் இருக்காது. “ஆம்பளைக்கு இன்னா டெஸ்ட்டு” என்று மாமியார் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இருப்பதிலேயே செலவு குறைந்த, வலி இல்லாத, ஒரு நாளில் முடிகிற பரிசோதனை இதுதான். அதைச் சரியாகச் செய்யாமல் பெண்ணுக்கு வரிசையாக ஊசி போடுவது எனக்கு எப்போதும் எரிச்சல் தருகிற விஷயம்.

டைஃபாய்டு ஏன் முக்கியம் என்றால், ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறத்தாழ இரண்டரை மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகிறது. கடும் காய்ச்சல் அடித்தால் அப்போது உருவாகிக்கொண்டிருந்த அணுக்கள் அடிபடும். அந்தப் பாதிப்பு அடுத்த இரண்டு மூன்று மாதத்து ரிப்போர்ட்டில் தெரியும், பிறகு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். டெங்கு, கொரோனா எது வந்தாலும் இதே கதைதான். ஆகவே தேறிய கையோடு எடுத்த ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்தது அவருடைய வழக்கமான நிலைமையாக இல்லாமல் காய்ச்சலின் விளைவாக இருக்கலாம். காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழிந்திருந்தால் இப்போதே திரும்ப எடுக்கலாம், இல்லையென்றால் அதுவரை பொறுங்கள். இன்னொன்றும் பாருங்கள். உங்கள் இரண்டு ஐயூஐயும் அந்த மூன்று மாதத்துக்குள் நடந்திருந்தால், அவற்றை இரண்டு தோல்வி என்று முழுசாகக் கணக்கில் எழுதவே தயங்குவேன். ஐயூஐ நாளில் விந்தைக் கழுவிய பிறகு ஓடும் அணுக்கள் எத்தனை இருந்தன என்று பொதுவாகக் குறித்து வைப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது 50 லட்சத்துக்கு மேல் இருந்தால் ஐயூஐக்கு ஓரளவு நல்ல வாய்ப்பு, 10 லட்சத்துக்கும் கீழே என்றால் வாய்ப்பு மிகக் குறைவு என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு.

மாதிரி கொடுப்பதிலும் முறை இருக்கிறது. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டிருக்க வேண்டும், அதைவிடக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. முழுவதையும் சேகரிக்க வேண்டும். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம், அது சிந்திவிட்டால் ரிப்போர்ட் பொய் சொல்லும், அதனால் சிந்தினால் கூச்சப்படாமல் சொல்லிவிடச் சொல்லுங்கள். சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டுவரக் கூடாது. வீட்டில் எடுத்துப் பையில் போட்டு பஸ் ஏறி வேலூர் வருவதெல்லாம் சரிப்படாது. ஆய்வகத்திலேயே அதற்கென்று இருக்கிற அறையில் கொடுப்பதுதான் நல்லது. அந்த அறை பல இடங்களில் பாத்ரூமை ஒட்டியே இருக்கும், வெளியே நாலு பேர் காத்திருப்பார்கள், சங்கடம்தான். முதல் தடவை முடியாமல் திரும்பி வருகிற ஆண்கள் ஏராளம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குறைவாக வந்தால் சில வாரம் விட்டு இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது இந்த எண்கள் கையில் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் ஒரு கோடியே 60 லட்சம் அணுக்கள், மொத்தம் 3 கோடியே 90 லட்சம், அசைவு 42 சதவீதம், அதில் முன்னோக்கி ஓடுபவை 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். அந்த 4 சதவீதத்தைப் பார்த்து ‘96 சதவீதம் பழுது’ என்று பயந்து போன் செய்கிறவர்கள் உண்டு. எல்லா ஆண்களுக்கும் வடிவம் அப்படித்தான் இருக்கும். இந்த எல்லைகள் ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் மாதிரியை வைத்துப் போட்டவை. இதற்குக் கீழே இருந்தால் தாமதமாகலாம், முடியவே முடியாது என்று அர்த்தம் இல்லை.

திரும்பவும் குறைவாகவே வந்தால் யூராலஜிஸ்ட் என்கிற சிறுநீர்ப்பாதை மருத்துவரிடமோ ஆண்மைக்குறைவு, விந்துக் குறைபாடு பார்க்கும் மருத்துவரிடமோ ஒருமுறை நேரில் காட்டுங்கள். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருக்கும் வெரிகோசீல் கையால் தொட்டாலே தெரியும், அளவு பெரிதாக இருந்தால் சரிசெய்ய வழி உண்டு. உடம்பு ஏற்றுவதற்காக யாராவது சொல்லி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆண் ஹார்மோன்தானே, நல்லதுதானே என்று நினைப்பார்கள், ஆனால் அது விந்து உற்பத்தியையே நிறுத்திவிடும். புகையிலை எந்த வடிவத்தில் இருந்தாலும் விடட்டும். விதைப்பைக்குத் தொடர்ந்து சூடு படுகிற வேலை, உதாரணமாக அடுப்படி, பாய்லர் பக்கம், எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும். ஷூ ஒட்டும் பசையில் இருக்கிற கரைப்பான்கள் பற்றிக் கேட்டீர்களென்றால், விந்துத் தரத்தோடு தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் கணவரின் குறைவுக்கு அதுதான் காரணம் என்று எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. காற்றோட்டமான பிரிவு கிடைத்தால் மாறிக்கொள்ளட்டும், அதற்காக வேலையை விட வேண்டாம். ஆண்களுக்கென்று விற்கும் விட்டமின் பாக்கெட்டுகளுக்கு மாதாமாதம் செலவழிப்பதில் எனக்கு உற்சாகம் இல்லை, கவனமாகச் செய்த ஆய்வுகளில் பலன் உறுதிப்படவில்லை.

ஷிஃப்ட் என்றவுடன் இன்னொன்று தோன்றியது. முட்டை வெளிவந்த பிறகு ஒரு நாள்கூடத் தாங்காது, விந்தணு உள்ளே நான்கைந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே மாதத்தில் கரு நிற்க வாய்ப்புள்ள நாட்கள் ஆறு. 28 நாள் சுழற்சி என்றால் ஏறத்தாழ 9-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை. அவருக்கு நைட் ஷிஃப்ட் விழுகிற வாரமும் அந்த நாட்களும் ஒன்றாக அமைந்தால் அந்த மாதம் போயிற்று. இப்படி எத்தனை மாதம் போனது என்று தம்பதிகளே கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். நாள் குறித்து மன உளைச்சல் பட வேண்டாம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும். ஒன்றாக இருந்த மாதங்களை மட்டும் ஒரு தடவை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

குழாய்ப் பரிசோதனை பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஹெச்எஸ்ஜி என்கிற எக்ஸ்ரே எடுத்தார்களா? கருக்குழாய் ஒன்றாவது திறந்திருக்கிறது என்று தெரியாமல் ஐயூஐ செய்வது வீண். சில இடங்களில் அப்படியும் செய்துவிடுகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு, 6-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள் எடுப்பார்கள். மாதவிடாய் வலிபோல் சுருக்கென்று இருக்கும், முன்னாலேயே ஒரு வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் குழாய் அடைப்புக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம், வெளியே இருமல் எதுவும் இல்லாமலேயே அது கருப்பையில் இருக்கக்கூடும். சிறுவயதில் உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ டிபி இருந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் ஒரே ஒரு பிசிஆர் டெஸ்ட் பாசிட்டிவ் என்பதற்காக ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அப்படிச் சொன்னால் இரண்டாவது அபிப்பிராயம் கேளுங்கள். தைராய்டு, சர்க்கரை எல்லாம் இதற்குள் பார்த்திருப்பார்கள். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் இப்போதிலிருந்தே சாப்பிட்டு வாருங்கள், கரு நின்ற பிறகு ஆரம்பித்தால் அதன் முக்கியப் பயனுக்குத் தாமதமாகிவிடும்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்விக்கு. குழாய் இரண்டும் அடைத்திருந்தாலோ, திரும்ப எடுத்த விந்துப் பரிசோதனையும் மிக மோசமாக இருந்தாலோ, தயங்காமல் ஐவிஎஃப் போங்கள், மறுபடி ஐயூஐக்குச் செலவு செய்யாதீர்கள். குழாய் திறந்திருக்கிறது, விந்தும் தேறிவிட்டது என்றால், முட்டை வளர மாத்திரையோடு இன்னும் ஒன்றிரண்டு ஐயூஐ பார்க்கலாம் என்பது என் கருத்து. ஒரு ஐயூஐயில் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்துதான். அதனால் இரண்டு தடவை நிற்காமல் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மூன்று நான்கைத் தாண்டி அதையே இழுத்துக்கொண்டு போவதும் சரியில்லை. காரணமே தெரியாத நிலையில் ஐயூஐயா, நேராக ஐவிஎஃப்பா என்பதில் நாட்டுக்கு நாடு வழிகாட்டுதல் வேறுபடுகிறது. இரண்டு வேறு டாக்டர்கள் இரண்டு பதில் சொன்னால் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐவிஎஃப் என்று முடிவானால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். மாதவிடாயின் இரண்டாம் மூன்றாம் நாளில் ஊசி தொடங்கும், பத்து நாளைப்போல் தினமும் வயிற்றுத் தோலில் போடுவது. நீங்களே போட்டுக்கொள்ளக் கற்றுத்தருவார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் ஸ்கேன். குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வந்து போகலாம், சென்னையில் செய்தால் அந்தப் பத்து நாள் அங்கேயே தங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நம்ம ஊர் கத்திரி வெயிலில் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தால் மருந்து கெட்டுவிடும், ஐஸ் பேக் கேட்டு வாங்குங்கள், வீட்டில் ஃபிரீசரில் வைக்காதீர்கள். முட்டையை முதிர வைக்கக் கடைசியாகப் போடுகிற டிரிக்கர் ஊசிக்கு நேரம் மிக முக்கியம், அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுக்க வேண்டும். இரவு பத்தரை என்றால் பத்தரைதான். மயக்கம் கொடுத்து எடுப்பார்கள், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். கணவர் அன்று காலையில் மாதிரி கொடுக்க வேண்டும். லீவு கிடைக்குமா என்ற சந்தேகமோ பதற்றமோ இருந்தால் முன்கூட்டியே எடுத்து உறைய வைத்துக்கொள்ளலாம்.

பலர் உடைந்துபோவது எண்ணிக்கை குறைகிற இடத்தில்தான். பத்து முட்டை எடுத்தால் எட்டு முதிர்ந்திருக்கும், ஐந்தாறு கருவுறும், ஐந்தாம் நாள் வரை வளர்வது இரண்டோ மூன்றோ. உங்கள் ஏஎம்ஹெச்சுக்குப் பத்தைவிடக் குறைவாகவே முட்டை கிடைக்கலாம். ஆய்வகத்திலிருந்து போன் வரும்போதெல்லாம் எண் இறங்கிக்கொண்டே வரும், அது யாருடைய தவறும் இல்லை, இயற்கையில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது இங்கே எண்ணாகத் தெரிகிறது. இரண்டு கருவை வைத்து இரட்டைப் பிள்ளையாகப் பெற்றுவிட்டால் ஒரே செலவு என்று வீட்டில் பேசுவார்கள். குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் அதில் அதிகம், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியூ) ஒரு மாதம் ஆகும் செலவை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதல் தடவையிலேயே நிச்சயம் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 35 வயதுக்குக் கீழே, சொந்த முட்டையில், ஒரு கருவை வைத்தால் குழந்தை கைக்கு வருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நாற்பதைத் தாண்டினால் பத்தில் ஒன்று என்கிற அளவுக்கு இறங்கிவிடும். போர்டில் 70, 80 சதவீதம் என்று போட்டிருந்தால், எதை வைத்து என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதா, இதயத் துடிப்பு வந்ததா, குழந்தை பிறந்ததா? ஊசி ஆரம்பித்த எல்லோரிலுமா, கரு வைக்கப்பட்டவர்களில் மட்டுமா? இந்தக் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்கிற இடம் எனக்குப் பிடிக்கும்.

நகை விஷயத்தில் என் யோசனை: ஒரு தடவைக்கு என்று எல்லாவற்றையும் அடகு வைக்காதீர்கள். இரண்டு தடவை தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். தனியார் இடங்களில் மருந்தோடு சேர்த்து ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை ஆவதாக என்னிடம் வருகிறவர்கள் சொல்கிறார்கள். பேக்கேஜ் என்று சொல்லும் தொகையில் ஊசி, மயக்க மருந்து, கருவை உறைய வைப்பது, பிறகு அதை எடுத்து வைப்பது, வருட வாடகை எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். வேலூர் சிஎம்சியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது, காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு நான் தயங்காமல் அனுப்புவேன். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அடிப்படைப் பரிசோதனைகளைப் பார்க்கலாம். சென்னை எழும்பூர் அரசு தாய்சேய் நல மருத்துவமனையில் அரசே செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கியிருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

கூடுதலாகச் சில சேவைகளைப் பட்டியலில் சேர்ப்பார்கள். கருப்பை உட்சுவரைக் கீறிவிடுவது, சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிஆர்பி ஊசி, கரு பதிய ஏற்ற நாளைப் பார்க்கும் ஈஆர்ஏ டெஸ்ட், சலைன்போல ஏற்றும் இன்ட்ராலிப்பிட் என்கிற கொழுப்புக் கரைசல் என்று நீளும். கீறிவிடுவதால் பலன் இல்லை என்று 2019-இல் பெரிய ஆய்வே வந்துவிட்டது. மற்றவற்றுக்கு முதல் தடவையில் பணம் கொடுக்க வேண்டும் என்கிற அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. தேவைப்பட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

அடுத்ததைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 31 வயதில், 1.3 ஏஎம்ஹெச்சோடு, ஒருமுறைகூட ஐவிஎஃப் செய்யாத நிலையில் யாராவது ‘டோனர் முட்டை’, அதாவது வேறு பெண்ணின் முட்டை, என்று பேச்செடுத்தால் அங்கேயிருந்து கிளம்பி வேறு இடத்தில் காட்டுங்கள். 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி ஐவிஎஃப் செய்யும் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், உங்கள் இருவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எதையும் செய்ய முடியாது. முட்டை கொடுக்கிற பெண் 23 வயதிலிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான் கொடுக்கலாம். கையெழுத்துப் போடும் தாளில் என்ன இருக்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஊசி போட்ட பிறகு வயிறு வேகமாக உப்புவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே போக வேண்டும். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இது அதிகம், உங்களுக்கு வாய்ப்பு குறைவு. பாசிட்டிவ் வந்த பிறகு ஒரு பக்கமாகக் கடும் வலியோ மயக்கமோ வந்தாலும் அப்படியே, கரு குழாயில் தங்கியிருக்கலாம்.

வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். விரிஞ்சிபுரம் போவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. கார்த்திகை கடை ஞாயிறன்று சிம்ம தீர்த்தத்தில் குளித்து ஈரத்துணியோடு கோயிலில் படுத்து எழுந்து, அடுத்த வாரமே ஸ்கேனுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசி போடுகிற நாட்களோடும் கரு வைத்த நாட்களோடும் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாமியாரை மறுப்பதைவிட, அவர் கூப்பிடும் இடத்துக்குப் போய்விட்டு, பதிலுக்கு மகனைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது பலிக்கும் என்பது என் அனுபவம். கரு வைத்த பிறகு பதினான்கு நாள் படுத்த படுக்கையாக இருக்கத் தேவையில்லை, அதனால் பலன் இல்லை. மாடிப்படி ஏறலாம், சமைக்கலாம், உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகலாம். அந்த இரண்டு வாரத்தில் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்க்காதீர்கள். போட்ட டிரிக்கர் ஊசியே சில நாள் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். பிறகு இறங்கினால் அந்த வேதனை உங்களுக்குத்தான். சொந்தக்காரர் வளைகாப்புக்குப் போக மனமில்லையென்றால் போகாதீர்கள், மொய்யைக் கணவர் கையில் கொடுத்தனுப்பினால் உறவு ஒன்றும் அறுந்துவிடாது.

எத்தனை தடவை பார்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதை ஊசி ஆரம்பிக்கும் முன்பே நீங்கள் இருவர் மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்று போன் வந்த அன்றைக்கு அந்த முடிவை எடுக்க முடியாது. எந்த இடத்தில் செய்தாலும் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் என்ன ஊசி எந்த அளவில் போட்டார்கள், எத்தனை முட்டை, எத்தனை கரு, எந்தத் தரம், எத்தனை உறைய வைத்திருக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி, ஹெச்எஸ்ஜி படத்தோடு ஒரே ஃபைலில் வையுங்கள். இடம் மாற வேண்டி வந்தால் அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். அது இல்லாவிட்டால் எல்லாப் பரிசோதனையையும் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.